கிளறாமல் ஒரு பழக் கேக்

பௌர்ணமிக்கு மறுநாள் காலையில் திருவண்ணாமலையில் பல வீடுகளின் அடுக்களையில் பழ வாசனைதான் முதலில் வரும். அர்ச்சனைத் தட்டில் வந்தது ஒரு சீப்பு. 14 கிலோமீட்டர் கிரிவலம் சுற்ற வந்த சொந்தக்காரர்கள் வெறுங்கையோடு வரக்கூடாதென்று வாங்கி வந்தது இரண்டு சீப்பு. நேற்று வரை பச்சை ஓடிக் கிடந்த பூவன் எல்லாம் ஒரே ராத்திரியில் பழுத்து, காம்பு கழன்று, தோலில் கரும்புள்ளி விழுந்து நிற்கும். சாமிக்குப் படைத்த பழத்தைக் குப்பையில் போட யாருக்கும் மனம் வராது. ஆனால் இரண்டு நாளில் எத்தனை பழத்தைத்தான் தின்ன முடியும்?

இப்படி ஒரேயடியாகக் கனிந்து நிற்கும் பழத்துக்காகவே ஒரு கேக் இருக்கிறது. அதன் பெயர் டம்ப் கேக். டம்ப் என்றால் கொட்டுவது. பழத்தைத் தட்டில் கொட்டி, அதன்மேல் உலர்ந்த மாவைத் தூவி, மேலே வெண்ணெய் வைத்துச் சுட வேண்டும், அவ்வளவுதான். முட்டை வேண்டாம், அடிக்கும் கருவி வேண்டாம். மாவைக் கரைக்கவே வேண்டாம். வீட்டில் முட்டை புழங்காதவர்களுக்கும், கேக் என்றாலே பயப்படுகிறவர்களுக்கும் தொடங்க இதைவிடத் தோதான பலகாரம் இல்லை.

எங்கிருந்து வந்தது?

இது அமெரிக்க வீட்டுச் சமையல். கடையில் விற்கும் கேக் மாவுப் பொட்டலத்தை வைத்துப் பிறந்தது. அந்தப் பொட்டலத்தின் கதையே மிஞ்சிய பொருளில்தான் தொடங்குகிறது. 1930களின் தொடக்கத்தில் பிட்ஸ்பர்க் நகரத்து டஃப் நிறுவனத்திடம் கரும்புப் பாகு விற்காமல் தேங்கிவிட்டது. அதை மாவோடு சேர்த்து உலர்த்தி, தண்ணீர் ஊற்றிச் சுட்டால் போதும் என்கிற அளவுக்குத் தயார் மாவாக்கினார்கள். 1933இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பெரிய மாவு நிறுவனங்கள் இவ்வகைப் பொட்டலங்களை வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்தன. டப்பா அன்னாசியையும் செர்ரியையும் தட்டில் கொட்டி, அதன்மேல் பொட்டல மாவைத் தூவிச் சுடும் பழக்கம் அதன் தொடர்ச்சி.

நமக்கு டப்பாப் பழமும் வேண்டாம், பொட்டல மாவும் வேண்டாம். அது ஏன் என்பது, இந்தக் கேக் எப்படி வேகிறது என்று தெரிந்தால் புரிந்துவிடும்.

மாவு எப்படித் தானாக வேகிறது?

புட்டை நினைத்துக்கொள்ளுங்கள். புட்டு மாவை நாம் கரைப்பதில்லை. பிசிறி வைக்கிறோம், கீழிருந்து வரும் ஆவி அதை வேகவைக்கிறது. டம்ப் கேக்கில் அந்த ஆவியைத் தருவது பழம். அன்னாசியின் எடையில் ஏறக்குறைய 86 சதவீதம் தண்ணீர். மாம்பழத்தில் 83, கொய்யாவில் 81, வாழையில் 75 சதவீதம். சூடு ஏறியதும் பழச்சாறு கொதித்து, ஆவி மேலே எழும்பி, தூவிய மாவை நனைக்கிறது. ஈரம் பட்டதும் மாவில் இருக்கும் பேக்கிங் பவுடர் நுரைத்து அதை உப்பச் செய்கிறது. மேலேயிருந்து உருகி இறங்கும் வெண்ணெய், ஆவி எட்டாத இடங்களை நனைத்து, மேற்புறத்தைப் பொன்னிறமாக மொறுமொறுக்க வைக்கிறது.

பழத்தின் ஈரத்தையே நம்பிச் செய்வது நமக்குப் புதிதல்ல. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பழனி பஞ்சாமிர்தத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. வாழைப்பழத்தின் ஈரத்திலேயே சர்க்கரை இளகிவிடுகிறது. அங்கே அடுப்பு இல்லை, இங்கே உண்டு. மற்றபடி சூத்திரம் ஒன்றுதான்.

கிளறக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம். கிளறினால் மாவும் சாறும் சேர்ந்து பசையாகி, ஆவி மேலே வர வழியில்லாமல் அடைத்துக்கொள்ளும். நடுவில் வேகாத களிதான் மிஞ்சும். கரண்டியைக் கையில் எடுக்காமல் இருப்பதுதான் இதில் பாதி வேலை.

தேவையான பொருள்கள்

8 அங்குலச் சதுரத் தட்டு ஒன்றுக்கான அளவு இது. ஆறு முதல் எட்டுப் பேர் சாப்பிடலாம்.

பழத்துக்கு: தோலும் கண்ணும் நீக்கிப் பொடியாக நறுக்கிய அன்னாசி 300 கிராம், உரித்த வாழைப்பழம் 300 கிராம், நாட்டுச் சர்க்கரை 2 மேசைக்கரண்டி, எலுமிச்சைச் சாறு 1 தேக்கரண்டி.

மாவுக்கு: மைதா 125 கிராம் (ஒரு கப்), பொடித்த சர்க்கரை 100 கிராம், பால் பவுடர் 2 மேசைக்கரண்டி, பேக்கிங் பவுடர் 1 தேக்கரண்டி, ஏலக்காய்ப் பொடி அரைத் தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை.

மேலே: வெண்ணெய் 100 கிராம், உடைத்த முந்திரி ஒரு கைப்பிடி.

வெண்ணெய் உப்பு சேர்த்ததாக இருந்தால் மாவில் உப்பு போட வேண்டாம். நெய்தான் இருக்கிறது என்றால் 80 கிராம் போதும். ஆனால் வெண்ணெயில் இருக்கும் சிறிதளவு தண்ணீர் நெய்யில் இல்லை. அந்தக் குறையைச் சரிக்கட்ட 2 மேசைக்கரண்டி பாலை மாவின்மேல் தெளித்துவிடுங்கள்.

பேக்கிங் பவுடரும் சமையல் சோடாவும் வேறு வேறு. ஒரு தேக்கரண்டி பவுடருக்குப் பதில் ஒரு தேக்கரண்டி சோடா போட்டால் கேக் சோப்பு வாடை அடிக்கும். பேக்கிங் பவுடர் டப்பா பழையதாக இருந்தால் அரைத் தேக்கரண்டி எடுத்து வெந்நீரில் போட்டுப் பாருங்கள். பொங்கி நுரைத்தால் நல்லது. சும்மா கரைந்து போனால் புதிது வாங்க வேண்டும்.

செய்முறை

1. தட்டில் வெண்ணெய் தடவுங்கள். வெறும் அலுமினியத் தட்டு என்றால் அடியிலும் ஓரங்களிலும் பட்டர் பேப்பர் போடுங்கள். அன்னாசியின் புளிப்பு நேராக அலுமினியத்தில் பட்டால் உலோகச் சுவை ஏறிவிடும்.

2. அன்னாசியில் பாதியைக் கையால் நன்றாகப் பிசைந்துவிடுங்கள். மீதி துண்டாகவே இருக்கட்டும். வாழைப்பழத்தை விரல் கன வில்லைகளாக நறுக்கி, எலுமிச்சைச் சாறு, நாட்டுச் சர்க்கரையோடு எல்லாவற்றையும் தட்டிலேயே போட்டுப் புரட்டி 20 நிமிடம் வையுங்கள். சர்க்கரை பழத்திலிருந்து சாற்றை வெளியே இழுக்கும்.

3. தட்டைச் சாய்த்துப் பாருங்கள். ஓரத்தில் சாறு தேங்கி நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் கால் கப் இளநீரோ தண்ணீரோ ஊற்றுங்கள். டப்பாப் பழத்தில் பாகு இருக்கும், நம் பழத்தில் இருக்காது. அந்த வித்தியாசத்தை ஈடுகட்டும் இடம் இதுதான்.

4. மாவுக்கான பொருள்களை ஒன்றாகச் சேர்த்து இரண்டு முறை சலியுங்கள். பழத்தின்மேல் கோலமாவு தூவுவதுபோல் சீராகத் தூவுங்கள். மூலைகளிலும் விழட்டும். அழுத்தாதீர்கள், கிளறாதீர்கள்.

5. வெண்ணெயை உருக்கி, ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை மெல்லிய தாரையாக ஊற்றிக்கொண்டே போங்கள். ஒரே இடத்தில் கொட்டிவிட்டால் மற்ற இடம் வெறும் மாவாக நின்றுவிடும். கடைசியில் முந்திரியைத் தூவுங்கள்.

6. ஓடிஜி என்கிற மின் அடுப்பை மேல் கம்பி, கீழ்க் கம்பி இரண்டும் எரியும்படி வைத்து 180 டிகிரி செல்சியஸில் பத்து நிமிடம் சூடேற்றுங்கள். பிறகு தட்டை நடு அடுக்கில் வைத்து 40 முதல் 50 நிமிடம் சுடுங்கள்.

7. அரை மணி நேரம் ஆனதும் ஒருமுறை எட்டிப் பாருங்கள். வெள்ளையாக உலர்ந்த திட்டு எங்காவது தெரிந்தால் அங்கே மட்டும் ஒரு கரண்டி பாலைத் தெளித்து மீண்டும் வையுங்கள்.

8. மேற்புறம் பொன்னிறமாகி, ஓரங்களில் சாறு கெட்டியாகக் கொப்பளித்தால் வெந்துவிட்டது என்று அர்த்தம். கத்தியை அடிவரை குத்திப் பார்க்கும் சோதனை இதற்குப் பொருந்தாது. அடியில் இருப்பது பழம், அது எப்போதும் ஒட்டும். மேல் மாவை மட்டும் குத்திப் பாருங்கள்.

9. இறக்கியதும் பரிமாறாதீர்கள். 20 நிமிடம் ஆறினால்தான் சாறு இறுகும். இதைத் துண்டு போட முடியாது. சர்க்கரைப் பொங்கல்போல் கரண்டியால் அள்ளிக் கிண்ணத்தில் போட வேண்டும்.

ஓடிஜி இல்லாதவர்களுக்கு

அடிகனமான பழைய குக்கர் ஒன்று போதும். வெறுங்குக்கரை வெகுநேரம் சூடாக்கினால் அது நிறம் மாறிப்போகும், அதனால் தினமும் சோறு வைக்கும் குக்கரை இதற்கு எடுக்காதீர்கள். அடியில் ஒரு விரல்கடை உயரத்துக்குக் கல்லுப்பைப் பரப்பி, அதன்மேல் ஒரு வளையம் வையுங்கள். மூடியில் இருக்கும் ரப்பர் வளையத்தையும் வெயிட்டையும் கட்டாயம் கழற்றிவிட வேண்டும். தண்ணீர் ஊற்றக் கூடாது. மிதமான தீயில் பத்து நிமிடம் சூடேற்றிய பிறகு, 6 அங்குல வட்டத் தட்டில் மேலே சொன்ன அளவில் பாதியைப் போட்டு உள்ளே வைத்து, சின்னத் தீயில் 45 நிமிடம் விடுங்கள். இதற்கு உலோகத் தட்டுதான் ஆகும், கண்ணாடித் தட்டு வேண்டாம்.

குக்கரில் கேக் வேகும், ஆனால் மேற்புறம் சிவக்காது. மேலிருந்து நெருப்பு இல்லை என்பதே காரணம். அதற்கு ஈடாக மைதாவை வெறும் வாணலியில் வாசனை வரும்வரை முன்பே வறுத்து ஆறவைத்துக்கொள்ளுங்கள். முந்திரியையும் நெய்யில் வறுத்துக் கடைசியில் தூவுங்கள். நிறமும் கிடைக்கும், மொறுமொறுப்பும் கிடைக்கும்.

எந்தப் பழம் ஆகும், எது ஆகாது?

வாழை: தனியாகப் போட்டால் சாறு போதாது, புளிப்பும் இராது. அன்னாசியோ திராட்சையோ துணைக்கு வேண்டும். லேசான புளிப்புள்ள பூவன் இதற்கு நன்றாகச் சேரும். தோல் கறுத்த பழமானாலும் உள்ளே நல்லதாக இருந்தால் போடலாம். புளித்த வாடை வந்துவிட்டால் வேண்டாம்.

மாம்பழம்: சித்திரை, வைகாசியில் தனியாகவே போடலாம். நார் இல்லாத பழமாக இருக்கட்டும். மிகவும் கனிந்திருந்தால் பழத்துக்கான சர்க்கரையை விட்டுவிட்டு, எலுமிச்சையைக் கூட்டுங்கள்.

பலா: ஜவ்வாது மலைப் பலா இறங்கும் காலத்தில் சுளையைப் பொடியாக நறுக்கிப் போட்டால் வாசனை தெரு வரை போகும். சுளை கெட்டியானது. அதனால் அரைக் கப் தண்ணீரில் ஐந்து நிமிடம் வேகவைத்து, அந்தத் தண்ணீரோடு தட்டில் போடுங்கள்.

கொய்யா: விதைப் பகுதியை வழித்து எடுத்துவிட்டுச் சதையை மட்டும் போடுங்கள். நாட்டுச் சர்க்கரையும் ஒரு சிட்டிகை சுக்குப் பொடியும் இதற்கு நன்றாகச் சேரும்.

பப்பாளி: சாறு மிக அதிகம், புளிப்பு இல்லை. முழுதும் பப்பாளியாகப் போட்டால் மாவு ஊறிக் குழைந்துவிடும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம்.

சீதாப்பழம்: மலைப்பக்கத்துச் சீதாப்பழம் சந்தையில் குவியும்போது இதிலும் போட்டால் என்ன என்று தோன்றும். போடாதீர்கள். அதன் சதை சூடு பட்டால் கசந்துபோகும். அதை அப்படியே சாப்பிடுவதுதான் அதற்குச் செய்யும் மரியாதை.

மாவிலும் நம் ஊரைச் சேர்க்கலாம். ஜவ்வாது மலையில் விளையும் சாமையை மாவாக்கி, மைதாவில் நான்கில் ஒரு பங்குக்குப் பதிலாகப் போட்டால் மேற்புறம் பொலபொலவென்று உதிரும். அதற்கு மேல் போனால் வறட்டுத்தனம் வந்துவிடும்.

கெட்டுப்போகாமல் வைக்க

பழச்சாறு நிறைந்த பலகாரம் இது. வெயில் காலத்தில் வெளியே வைத்தால் அன்றைக்குள் சாப்பிட்டுவிட வேண்டும். மூடி வைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் மூன்று நாள் தாங்கும். எடுத்ததும் வாணலியில் மூடி போட்டுச் சூடாக்கினால் வெண்ணெய் மறுபடி இளகும். மறுநாள் மேற்புறம் மொறுமொறுப்பு குறைந்திருக்கும், ஆனால் மாவில் பழச்சாறு இன்னும் ஊறியிருக்கும். அந்தச் சுவைக்காகவே மறுநாள்வரை எடுத்து வைக்கிறவர்களும் உண்டு.

கிராம் கணக்கு மறந்துபோனாலும் ஒரு விகிதத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மாவுக் கலவை ஒரு பங்கு என்றால் பழம் இரண்டரைப் பங்கு, வெண்ணெய் அரைப் பங்குக்குச் சற்றே குறைவு. தட்டு பெரிதானாலும் சிறிதானாலும், பழம் எதுவானாலும் இந்தக் கணக்கு மாறாது. அடுத்த பௌர்ணமிக்கு மறுநாள் சீப்புகளைப் பார்த்து யாருக்குக் கொடுப்பது என்று யோசிக்க வேண்டாம். முதலில் தராசை எடுத்து, உரித்த பழம் எத்தனை கிராம் தேறும் என்று பாருங்கள். மற்ற அளவுகளை அந்தப் பழமே சொல்லிவிடும்.