கோதுமையும் குடலும்

"நாம் சோறு உண்பவர்கள்தானே! கோதுமையை விட்டுவிட்டால் என்ன குறைந்துவிடப் போகிறது?" என்று எங்கள் ஆயா கேட்டபோது வீட்டில் எவருக்கும் மறுமொழி தோன்றவில்லை. பொன்னேரிக்கு முந்திய நிறுத்தமான அனுப்பம்பட்டில் நாங்கள் வசிக்கிறோம். காலையில் கேழ்வரகுக் கூழ் அல்லது பழைய சோறு. மதியம் பழவேற்காட்டிலிருந்து வரும் மடவையோ இறாலோ போட்ட குழம்பு. கோதுமை எங்கள் வீட்டுக்கு எப்போதோ வரும் விருந்தாளிதான்.

பெரியம்மாவின் மகளான என் அக்கா மட்டும் இதற்கு விலக்கு. மின்சார ரயிலில் தினமும் சென்னைக்கு வேலைக்குப் போகிறவள். வழியில் பிஸ்கட், மாலையில் சில நாள் பரோட்டா, இரவில் சப்பாத்தி. ஓராண்டாக அவளுக்கு வயிற்றுப்போக்கு வருவதும் நிற்பதுமாக இருந்தது. உடல் மெலிந்தது. இரும்புச்சத்து மாத்திரை விழுங்கியும் இரத்தசோகை தீரவில்லை. தில்லியிலிருந்து வந்த உறவினர் ஒருவர், "இது கோதுமையால் வருவது, உடனே நிறுத்து" என்றார். அக்கா நிறுத்தினாள். பத்து நாளில் சற்றுத் தேவலை என்றாள். ஆனால் மருத்துவரோ, "சோதனைக்கு முன் ஏனம்மா நிறுத்தினாய்? மறுபடி சாப்பிட்டால்தான் பார்க்க முடியும்" என்றார். அன்றிரவு வீட்டில் நடந்த வாக்குவாதமே நான் இக்கட்டுரை எழுதக் காரணம்.

அந்த நோயின் பெயர் சீலியாக். கோதுமையிலும் வாற்கோதுமையிலும் குளூட்டன் என்ற புரதம் உண்டு. பரோட்டா மாவு இழுத்த இழுப்புக்கு வருவது அதனால்தான். சிலருடைய உடல் இப்புரதத்தைப் பகையாக எண்ணிப் போரிடுகிறது. அப்போரில் தன் சிறுகுடலையே புண்படுத்திக் கொள்கிறது. சிறுகுடலின் உட்சுவரில் விரல்கள் போல நீண்டிருக்கும் குடலுறிஞ்சிகளைப் பற்றி நாம் அறிவியல் பாடத்தில் படித்திருக்கிறோம். அவை தேய்ந்து மொட்டையாகிவிடுகின்றன. பிறகு எவ்வளவு உண்டாலும் சத்து உடலில் சேராது. இந்நோய்க்குக் கோதுமையே காரணம் என்று நிலைநாட்டியவர் டிக்கே என்னும் டச்சுக் குழந்தை மருத்துவர். 1950ஆம் ஆண்டில் இதைத் தம் ஆய்வேடாக வெளியிட்டார். மருந்து இன்றுவரை உணவுதான்: வாழ்நாள் முழுவதும் குளூட்டனை விலக்குதல்.

தென்னாட்டாருக்கு இது வருமா? நமக்குப் பக்கத்திலேயே விடை இருக்கிறது. அரியானா, அசாம், நம் வேலூர் ஆகிய மூன்று இடங்களில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைச் சோதித்த ஆய்வு ஒன்று 2016இல் வெளியாயிற்று. இந்நோய்க்குரிய எதிர்ப்பொருள் வடக்கே ஆயிரத்தில் 12 பேரின் இரத்தத்திலும், வேலூர்ப் பக்கம் ஆயிரத்தில் ஒருவரின் இரத்தத்திலும் காணப்பட்டது. நோய்க்கு இடம் கொடுக்கும் மரபணுவோ இரு பக்கத்தாரிடமும் ஏறக்குறைய ஒரே அளவில், மூன்றில் ஒரு பங்கினருக்கு மேல் இருந்தது! வேறுபட்டது தட்டுதான். வடக்கே ஒருவர் நாளொன்றுக்கு உண்ட கோதுமை 455 கிராம். இங்கே 25 கிராம். அக்காவைப் போல் தட்டு மாறியவர்கள் இப்போது எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள்.

சோதனை அப்படியொன்றும் பெரிதல்ல. முதலில் கையிலிருந்து சிறிது இரத்தம் எடுத்து, டிஷ்யூ டிரான்ஸ்குளூட்டமினேஸ் என்ற பொருளுக்கு எதிரான எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இருந்தால், எண்டோஸ்கோப்பிக் குழாயை வாய்வழியே செலுத்திச் சிறுகுடலிலிருந்து கடுகளவு சதை எடுத்து நுண்ணோக்கியில் ஆராய்வார்கள். (குழாய் என்றதும் எனக்கே தொண்டை அடைத்தது.) சிறுவர்களுக்கு எதிர்ப்பொருள் மிக அதிகமாக இருந்தால் குழாய் இல்லாமலே முடிவு சொல்வதும் உண்டு.

சிக்கல் இங்கேதான். எதிரி வந்தால்தானே வீரர்கள் கூடுவார்கள்? கோதுமையை நிறுத்திவிட்டால் எதிர்ப்பொருள் மெல்லக் குறைகிறது. குடலுறிஞ்சிகளும் மெல்லத் தழைக்கின்றன. அப்போது சோதித்தால் நோய் இருப்பவருக்கும் "இல்லை" என்று அறிக்கை வந்துவிடலாம். ஆகவே சோதனைக்கு முன் குறைந்தது 6 வாரம், தினமும் ஒரு வேளைக்கு மேல் குளூட்டன் உள்ள உணவை உண்ண வேண்டும் என்பது பிரிட்டனில் மருத்துவர்கள் பின்பற்றும் நெறி. முன்பே நிறுத்திவிட்டவர்களுக்கு மரபணுச் சோதனை ஓரளவு கைகொடுக்கும். அந்த மரபணு இல்லையென்றால் நோய் அநேகமாக இல்லை. இருந்தாலோ, மேலே சொன்னபடி, மூன்றில் ஒருவருக்கு மேல் அது இருப்பதால் எதையும் மெய்ப்பிக்காது.

"உடம்பு தேறியதே, அது போதாதா?" என்று ஆயா விடாமல் கேட்டார். போதாது என்பதற்கும் வேலூரே சான்று. 1960களில் வட ஆர்க்காட்டுக் கிராமங்களில் வெப்பமண்டல ஸ்ப்ரூ என்ற நோய் பரவியபோது வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த பேக்கர், மத்தான் முதலிய மருத்துவர்கள் அதை ஆராய்ந்தனர். ஓயாத வயிற்றுப்போக்கு, மெலிவு, சோகை, தேய்ந்த குடலுறிஞ்சிகள் என்று எல்லாமே சீலியாக்கைப் போலத்தான். ஆனால் கோதுமைக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஃபோலிக் அமிலமும் டெட்ராசைக்ளின் என்ற மருந்துமே அதற்குச் சிகிச்சை. குடற்புழு, கோதுமை ஒவ்வாமை, பால் செரியாமை என்று வேறு காரணங்களும் உண்டு. பரோட்டாவை நிறுத்தினால் எண்ணெயும் குறைகிறது. தேறியது எதனால் என்று யார் கண்டது?

மாறாக, உண்மையிலேயே சீலியாக் என்றால் சப்பாத்தியை மட்டும் விடுவது போதாது. ரவை, சேமியா, மால்ட் சேர்ந்த பானத்தூள் எல்லாம் போக வேண்டும். எங்களைத் திடுக்கிட வைத்தது பெருங்காயம்! கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் மைதாவோ கோதுமை மாவோ சேர்க்கிறார்கள். டப்பாவைத் திருப்பிப் பார்த்தால் தெரியும். கோதுமையே இல்லாத வீடு என்று நினைத்திருந்தோம், தினமும் ரசத்தில் அது கொதித்துக் கொண்டிருந்தது. நற்கருணை அப்பமும் கோதுமைதான். குளூட்டன் மிகக் குறைந்த அப்பத்தைப் பயன்படுத்தலாம், அதுவும் இயலாதவர்கள் திராட்சை இரசத்தை மட்டும் பெறலாம் என்று 2003இல் உரோமையிலிருந்து வந்த மடல் வழி சொல்கிறது. பங்குத் தந்தையிடம் போய்க் கேட்கவாவது நோய் உறுதியாகத் தெரிய வேண்டாமா? மேலும், இது உடன்பிறந்தவர்களுக்கும் வரக்கூடியது. அக்காவுக்கு இருந்தால் அவள் தம்பியையும் சோதிக்க வேண்டும். இல்லையென்றால், இருபத்திரண்டு வயதுப் பெண் ஆயுள் முழுவதும் கலியாண வீட்டில் டப்பாவைத் திருப்பிப் படித்துக் கொண்டிருக்கத் தேவையில்லை.

எனினும் மறுபடி உண்பது எளிதல்ல. மிகவும் நலிந்தவர்களும் சிறு குழந்தைகளும் தாமாகவே இதைச் செய்யக்கூடாது. மருத்துவர் சொல்லியே செய்ய வேண்டும். அக்காவுக்கு வயிறு மீண்டும் உப்புகிறது, முகம் வாடுகிறது. இப்போது நான்காவது வாரம் நடக்கிறது. காலையில் ரவை உப்புமா, இரவில் இரண்டு சப்பாத்தி. சுவரிலிருக்கும் நாட்காட்டியில் இரத்தம் கொடுக்கும் நாளைச் சுற்றி அவளே சிவப்பு மையால் வட்டம் போட்டிருக்கிறாள். பெரியம்மா முணுமுணுத்துக் கொண்டே மாவு பிசைகிறார். ஆயா மட்டும் அவள் தட்டைப் பார்ப்பதில்லை.