காசநோய் இறப்பும் கணக்கில் வராத சேரியும்

காசநோய்க்கு மருந்து உண்டு. ஆறு மாதம் தவறாமல் உட்கொண்டால் பெரும்பாலானோர் குணமடைகின்றனர். அரசு மருத்துவமனைகளில் அம்மருந்து இலவசமாகவே வழங்கப்படுகிறது. இருந்தும் மக்கள் இந்நோயால் இறந்துகொண்டிருக்கின்றனர். அவ்விறப்புகளில் பெரும்பகுதி, நோய் கண்டறியப்பட்ட முதல் இரண்டு மாதங்களுக்குள் நேர்கிறது. மருந்து கைக்கு வந்த பின்னும் ஏன் இந்த மரணம்? இக்கேள்விக்குத் தமிழ்நாடு கண்ட விடை, சுகாதார நிர்வாகத்தில் அறிவியல் சான்றை எவ்வாறு பயன்படுத்தலாம் என்பதற்கு ஒரு நல்ல பாடம். ஆனால் அவ்விடையில் இன்னும் எண்ணப்படாத ஒன்று இருக்கிறது: சாதி.

ஐந்து அளவுகள், ஒரு கடமை

2022 ஏப்ரலில் தமிழக அரசு ‘காசநோய் இறப்பில்லாத் திட்டம்’ என்பதைத் தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ் சென்னையில் இயங்கும் தேசிய நோய்த்தொற்றியல் நிறுவனம் இதனை வடிவமைப்பதில் துணைநின்றது. சென்னை நீங்கலாக, திருச்சி உள்ளிட்ட மாவட்டங்களில் இது நடைமுறைக்கு வந்தது.

திட்டத்தின் அடிப்படை எளிமையானது. காசநோய் உறுதியானவுடன் ஐந்து நிலைகள் சோதிக்கப்படுகின்றன. உடல் நிறை குறியீட்டெண் 14 அல்லது அதற்கும் குறைவா? அது 16 அல்லது அதற்கும் குறைவாக இருந்து, இரு கால்களிலும் வீக்கம் உள்ளதா? நிமிடத்துக்கு 24 முறைக்கு மேல் மூச்சு வாங்குகிறதா? இரத்தத்தில் ஆக்சிஜன் 94 விழுக்காட்டுக்குக் கீழ் உள்ளதா? பிடிமானமின்றி எழுந்து நிற்க இயலவில்லையா? இவற்றுள் ஒன்றுக்கு ‘ஆம்’ என்று விடை வந்தாலும் அவர் கடும் நோயாளியாகக் கருதப்பட்டு, மேல் மதிப்பீட்டுக்கும் உள்நோயாளிச் சிகிச்சைக்கும் அனுப்பப்பட வேண்டும்.

இதற்கு ஆய்வகம் வேண்டியதில்லை. எடை பார்க்கும் கருவி, உயரம் அளக்கும் கோல், விரலில் மாட்டும் ஆக்சிஜன் மானி, ஒரு கடிகாரம் போதும். 150 செ.மீ. உயரமுள்ள பெண்ணின் எடை 31.5 கிலோவாக இருந்தால் அவரது குறியீட்டெண் 14. அப்பெண்ணிடம் மாத்திரைப் பொட்டலத்தைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்புவது எத்தகைய ஆபத்து என்பதை அந்த எண்ணே சொல்லிவிடும். கடும் நோயாளிகளின் இறப்பு வாய்ப்பு 10 முதல் 50 விழுக்காடு வரை. மற்றவர்களுக்கு 1 முதல் 4 விழுக்காடு மட்டுமே. இவ்வாய்ப்பைக் கணிக்கும் முறையும் 2025இல் தமிழ்நாட்டின் காசநோய்ச் செயலியில் இணைக்கப்பட்டது.

வழக்குரைஞர் என்ற முறையில் இத்திட்டத்தில் நான் காணும் முதன்மையான பயன் வேறு. ‘படுக்கை காலியில்லை’, ‘மாத்திரையைச் சாப்பிட்டால் சரியாகிவிடும்’ என்ற சொற்கள் எவரை நோக்கி எளிதாகச் சொல்லப்படுகின்றன என்பதை நாம் அறிவோம். பரிந்துரைக்க ஆளில்லாதவர், எதிர்த்துக் கேட்கப் பழக்கப்படாதவர், தூய்மைப் பணியாளர், கூலித்தொழிலாளி ஆகியோரை நோக்கித்தான். அனுமதி என்பது ஓர் அலுவலரின் விருப்பத்தைச் சார்ந்திருக்கும் வரை அங்கே சாதிக்கு வாசல் திறந்தே இருக்கும். அளவு ஒன்று எழுதப்பட்டு, அதனுடன் கடமையும் இணைக்கப்பட்டால், மறுப்பு என்பது பதிவாகும் தவறாகிவிடுகிறது. அரசு மருத்துவமனை உரிய நேரத்தில் சிகிச்சை தராமை அரசமைப்புச் சட்டத்தின் 21ஆம் கூறை மீறுவதாகும் என்று உச்ச நீதிமன்றம் 1996இல் பச்சிம் பங்கா கேத் மஸ்தூர் சமிதி வழக்கில் தீர்ப்பளித்தது. அந்த உரிமையை ஒரு நோயாளி நிறுவுவதற்குத் தேவையான ஆவணத்தை இந்த ஐந்து அளவுகள் உருவாக்கித் தருகின்றன.

சென்னை தந்த சான்றும் ஜார்க்கண்ட் தந்த சான்றும்

காசநோய் வரலாற்றில் ஏழைகளின் உடல்கள் உலகுக்கே சான்று வழங்கியுள்ளன. ஒரு காலத்தில் இந்நோய்க்குச் சானடோரியம் என்னும் தனி மருத்துவமனையில் நீண்ட ஓய்வும் சத்துணவும் இன்றியமையாதவை எனக் கருதப்பட்டது. 1956இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் வேதிச்சிகிச்சை மையம், நெரிசலான குடியிருப்புகளில் வாழ்ந்த 193 ஏழை நோயாளிகளை இரு பிரிவாகப் பிரித்து ஆராய்ந்தது. ஒரு பிரிவினர் சானடோரியத்தில் சிகிச்சை பெற்றனர். மற்றவர் வீட்டிலிருந்தே அதே மருந்துகளை உட்கொண்டனர். ஓராண்டு முடிவில் இரு பிரிவினரின் முன்னேற்றமும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. 1959இல் வெளியான இம்முடிவு, உலகெங்கும் வீட்டுச் சிகிச்சைக்கு வழிவகுத்தது. படுக்கைக்காகக் காத்திருந்து சாக வேண்டிய நிலையிலிருந்து கோடிக்கணக்கானோரை அது விடுவித்தது.

ஆயினும் அம்முடிவு, ‘மருந்து போதும், உணவு பெரிதன்று’ என்ற அளவுக்கு நீட்டிப் படிக்கப்பட்டது. இதற்கு மறுமொழி ஜார்க்கண்டிலிருந்து வந்தது. 2023இல் லான்செட் இதழ்களில் வெளியான ‘ரேஷன்ஸ்’ ஆய்வில், 2,800 நோயாளிகளின் குடும்பங்கள் பங்கேற்றன. கூடுதல் உணவுப் பொருள் பெற்ற குடும்பங்களின் ஏனைய உறுப்பினரிடையே புதிதாகக் காசநோய் உண்டாவது 39 விழுக்காடு குறைந்தது. நோயாளிகளிடையே, தொடக்க மாதங்களில் எடை கூடியவர்களின் இறப்பு வாய்ப்பு வெகுவாகக் குறைந்ததும் தெரியவந்தது. 2018 முதல் மாதம் 500 ரூபாயாக இருந்த ஒன்றிய அரசின் ஊட்டச்சத்து உதவித்தொகை 2024 நவம்பரில் 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. ஊட்டச்சத்தை உயர்த்துவது அரசின் கடமை என்று அரசமைப்புச் சட்டத்தின் 47ஆம் கூறு முன்பே சொல்லியிருக்கிறது.

சராசரிக்குள் மறைவோர்

இனி நம் ஊருக்கு வருவோம். ஸ்ரீரங்கம் பகுதியைப் பாருங்கள். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட தீவில் கோயிலைச் சூழ்ந்த வீதிகள். அப்பால் அந்தநல்லூர், மணிகண்டம் ஒன்றியங்களின் ஊர்கள். அவ்வூர்களை ஒட்டி, ஆனால் அவற்றில் சேராமல், ஆதிதிராவிடர் குடியிருப்புகள். வைகுண்ட ஏகாதசிக் கூட்டம் கலைந்த பின் வீதிகளைக் கூட்டுவோர் எவர் என்பது திருச்சியில் யாவருக்கும் தெரியும். குறைந்த கூலி, அரைவயிற்று உணவு, நெருக்கமான வீடு, நாள்தோறும் தூசி. காசநோய் பற்றுவதற்கும் முற்றுவதற்கும் காரணமாக மருத்துவ நூல்கள் கூறும் நிலைமைகள் பலவும் சாதியின் வழியே பங்கிடப்பட்டிருக்கின்றன.

ஆனால் திட்டத்தின் முன்னேற்றம் மாவட்டச் சராசரியாகவே பேசப்படுகிறது. மாவட்டத்தில் இறப்பு குறைந்தது என்ற செய்தி உண்மையாக இருக்கலாம். அது ஊரில் குறைந்து சேரியில் குறையாமல் இருந்தாலும் சராசரி அதைக் காட்டாது. சாதிவாரியாகப் பிரித்துப் பார்க்கும்போது என்ன வெளிப்படும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: இந்தியாவில் தலித் பெண்கள் ஆதிக்கச் சாதிப் பெண்களைக் காட்டிலும் சராசரியாக 14.6 ஆண்டுகள் முன்னதாக இறக்கின்றனர் என்று ஐ.நா. பெண்கள் அமைப்பின் 2018ஆம் ஆண்டு அறிக்கை கூறியது. பிரிக்காமல் பார்த்திருந்தால் அந்த இடைவெளி எவர் கண்ணிலும் பட்டிராது. எண்ணப்படாத மரணத்துக்கு நிதியும் ஒதுக்கப்படாது, படுக்கையும் ஒதுக்கப்படாது.

நாம் கேட்க வேண்டியவை

தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 இதற்குப் பயன்படும் கருவி. ஒன்றியவாரியாகவும், பட்டியலினத்தவர், பழங்குடியினர், ஏனையோர் என்ற பிரிவின்படியும் மாவட்டக் காசநோய் அலுவலகத்திடம் பின்வருவனவற்றைக் கேட்கலாம்: கடந்த ஆண்டு பதிவான நோயாளிகள் எத்தனை பேர்? அவர்களுள் ஐந்து அளவுகளும் சோதிக்கப்பட்டவர்கள், கடும் நோயாளிகள் எனக் கண்டறியப்பட்டவர்கள், உள்நோயாளியாகச் சேர்க்கப்பட்டவர்கள், இரண்டு மாதங்களுக்குள் இறந்தவர்கள் எத்தனை பேர்? ஊட்டச்சத்து உதவித்தொகை எத்தனை பேருக்கு முதல் மாதத்திலேயே கிடைத்தது?

பெயரோ முகவரியோ கேட்காதீர்கள். காசநோய்க்கு இன்றும் இழிவு கற்பிக்கப்படுகிறது. நோயாளியின் அந்தரங்கம் காக்கப்பட வேண்டும். தொகை எண்ணிக்கை மட்டும் கேட்டால், தனிநபர் தகவல் என்று மறுக்கவும் இடமிராது. 30 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாட்களுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம்.

‘இவ்வாறு பிரித்துப் பராமரிக்கப்படவில்லை’ என்று பதில் வரக்கூடும். அதையும் பத்திரப்படுத்துங்கள், அரசு எதை எண்ணவில்லை என்பதற்கு அரசே தரும் சான்று அது. மக்களைப் பாதிக்கும் கொள்கைகளை வகுக்கும்போது தொடர்புடைய உண்மைகளை வெளியிட வேண்டும், முடிவுகளுக்குக் காரணம் கூற வேண்டும் என்று அச்சட்டத்தின் 4ஆம் பிரிவு அரசு அலுவலகங்களைப் பணிக்கிறது. பட்டியலினத்தவர், பழங்குடியினருக்கான நிதியை ஒதுக்கிப் பயன்படுத்துவதற்கெனத் தமிழ்நாடு 2024இல் தனிச் சட்டமும் இயற்றியுள்ளது. அந்நிதி எங்கே தேவை என்று சுட்ட எண்ணிக்கை வேண்டும். கிராம சபையில் தீர்மானமாகவும், ஆட்சியரிடம் மனுவாகவும், தேவையானால் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் பொதுநல வழக்காகவும் இக்கோரிக்கையைக் கொண்டுசெல்லலாம்.

கல்லூரி மாணவர்கள் ஓர் ஒன்றியத்தை எடுத்துக்கொண்டு இதைத் தொடங்கலாம். விண்ணப்பக் கட்டணம் பத்து ரூபாய்தான். எடைக் கருவியில் ஏறி நிற்கும் 31 கிலோப் பெண் எந்தத் தெருவிலிருந்து வந்தார் என்பதையும் சேர்த்து எண்ணினால்தான், இறப்பில்லாத் திட்டம் அந்தத் தெருவுக்கும் வந்து சேரும்.