போர்க்களங் காணாத புண்

பண்டைத் தமிழர் போரிற் பட்ட புண்ணை இருவகையாக வகுத்தனர். முகத்தினும் மார்பினும் பட்டது விழுப்புண். அது புகழ் தருவது. முதுகிற் பட்டது புறப்புண். அது நாணந் தருவது. வெண்ணிப் போரிற் கரிகாலனோடு பொருத சேரமான் பெருஞ்சேரலாதன், தன் முதுகிற் புண்பட்டமைக்கு நாணி வடக்கிருந்து உயிர் துறந்தான் என்பதைத் தமிழ் பயிலும் நம் மாணவர் யாவரும் அறிவர். ஆயின், படைவீட்டின் அடுக்களையிற் கொதிநீர் கவிழ்ந்து வெந்த கையை எப்பெயரால் அழைப்பது? பயிற்சித் திடலில் வீழ்ந்து முறிந்த முழங்காலை எவ்வகையிற் சேர்ப்பது? புகழும் பழியும் இரண்டும் அணுகாத இம்மூன்றாவது புண்ணைப் பற்றியும், அதற்காகப் பணம் பெறுவோரின் மனநிலையைப் பற்றியும் நாம் ஈண்டுச் சில கூற விழைகின்றோம்.

இம்மனநிலை தெளிவாகக் காணப்படும் நாடு ஐக்கிய அமெரிக்கா. அங்குப் படைத்தொழிலினின்று விலகியோர், பணிக்காலத்தில் நேர்ந்த காயத்துக்கும் நோய்க்கும் மாதந்தோறும் ஈட்டுத்தொகை பெறும் உரிமையுடையர். அவர்கள் கோரும் குறைகளில் மிகப் பரவலானது, குண்டு பாய்ந்த வடு அன்று, ஓயாத காதிரைச்சலேயாம். விமானப் பொறியின் ஒலியிலும் துப்பாக்கிப் பயிற்சியின் வெடியோசையிலும் ஆண்டுக்கணக்காக நின்றோர்க்கு இது வருவது இயல்பே. எனினும், இத்தகையோருட் பலர் விண்ணப்பம் எழுதக் கை கூசுகின்றனர். ‘என் தோழன் காலை இழந்தான், நானோ லாரியினின்று குதித்து முதுகைக் கெடுத்துக்கொண்டேன். அவன் பெறும் பணத்தை நானும் பெறுவதா?’ என்பதே அவர்தம் எண்ணம். தாம் ஒரு டாலர் பெற்றால், கால் இழந்தவனுக்கு ஒரு டாலர் குறையும் என்று அஞ்சுவாரும் உளர். பழைய தோழர் நகைப்பரே என்னும் அச்சம் இவற்றினும் பெரிது. அதனை மட்டும் அவர் வாய்விட்டுக் கூறார்.

பணம் குறைந்துவிடும் என்னும் அச்சத்துக்கு விடை எளிது. அத்தொகை ஒரு பானையில் அளந்து வைத்த சோறன்று. சட்டத்தின்படி தகுதியுடையார் எத்துணையரோ அத்துணையர்க்கும் அரசு கொடுத்தே தீரவேண்டும். ஒருவர் பெறாது விட்டமையால் மற்றொருவர்க்கு ஒரு காசும் கூடுவதில்லை. நாணமோ அத்துணை எளிதில் நீங்குவதன்று. அதனை நீக்க, இப்பணம் எதற்காகத் தரப்படுகிறது என்பதை அறிதல் வேண்டும்.

உள்நாட்டுப் போருக்குப் பின் அந்நாட்டில் உபகாரச் சம்பளம் கட்சி அரசியலின் கைப்பொருளாயிற்று. 1890ஆம் ஆண்டின் சட்டம், போரோடு தொடர்பில்லாத ஊனத்துக்கும் பணம் வழங்கிற்று. முதல் உலகப்போரிற் புகுந்தபோது, 1917 அக்டோபரில் இயற்றிய சட்டத்தால் அரசு வேறுவழி பற்றியது. ஆலைத் தொழிலாளி எந்திரத்திற் கையிழந்தால் முதலாளி ஈடு தருவது போன்ற முறையே அது. வீரத்தை அளப்பது அதன் நோக்கமன்று; இவ்வூனமுடையார் குடிமக்கள் தொழிலிற் சராசரியாக எவ்வளவு வருவாய் இழப்பர் என்பதே அளவுகோல். இன்றும் ஊனத்தை நூற்றுக்கு 0 முதல் 100 வரை பத்துப் பத்தாக மதிப்பிடும் அட்டவணைக்கு அதுவே அடிப்படை. வீரத்துக்கும் குருதிக்கும் வேறு அடையாளங்கள் உள. பகைவரால் புண்பட்டோர்க்கு ‘பர்ப்பிள் ஹார்ட்’ பதக்கம் அளிக்கப்படுகிறது. முழங்கால் முறிந்தவன் அப்பதக்கத்தைக் கேட்கவில்லை. முழங்காலின் விலையையே கேட்கிறான்.

இனி, போர்க்களத்துக்கு வெளியே ஊறுபடுதல் அரிதோ எனின், அன்று. முதல் உலகப்போரில் அமெரிக்கப் படையிற் போரிற்பட்டு மாண்டோர் 53,402 பேர். நோயாலும் பிறவற்றாலும் மாண்டோர் 63,114 பேர். இரண்டாம் போரிற் போர்ச்சாவு 291,557, பிற சாவு 113,842. இவற்றுள் ஒன்றை விரித்துக் கூறுவோம். 1944 ஜூலை 17ஆம் நாள் இரவு, கலிபோர்னியாவின் போர்ட் சிக்காகோ துறையில் மாலுமிகள் கப்பலில் வெடிகுண்டுகளை ஏற்றிக்கொண்டிருந்தனர். பகைவர் அங்கில்லை, போர்முனையோ பசிபிக் கடலுக்கு அப்பால் இருந்தது. திடீரென எழுந்த வெடிப்பில் 320 பேர் மாண்டனர். 390 பேர் காயமுற்றனர். மாண்டோருள் 202 பேர் கறுப்பினத்தவர். அவர்கட்கு அக்காலத்திற் கடற்படை ஒதுக்கிய வேலை பெரும்பாலும் சுமையேற்றலே. அவர் ஏற்றிய குண்டுகளின்றிப் பசிபிக் போர் நடந்திராது. அத்துறையிற் கண்ணிழந்தவனை நோக்கி, ‘நீ போரிற் புண்பட்டவன் அல்லை’ என்று கூறத் துணிவார் யார்?

எதிர்வாதத்தையும் மறைத்தல் கூடாது. பணியிலிருந்த ஒருவன் ஓய்வுநேரத்திற் கூடைப்பந்து ஆடிக் கணுக்காலை முறித்துக்கொண்டாலும், விடுமுறையில் ஊர் செல்லும் வழியிற் கார் விபத்தில் அகப்பட்டாலும் அச்சட்டம் அவனுக்கு ஈடு தருகிறது. வேண்டுமென்றே செய்த தீச்செயலால் வந்த காயமும், குடியாலும் போதைப்பொருளாலும் வந்த கேடுமே விலக்கப்படுகின்றன. இது மிகையான தாராளம் என்பாரும் உளர். படைப்பணியால் வந்தவை எனல் அரிதான சில நோய்களை (மூலநோயும் அவற்றுள் ஒன்று!) விலக்கலாம் என்னும் யோசனை, அந்நாட்டுக் காங்கிரசின் வரவுசெலவு அலுவலகம் வெளியிட்ட திட்டங்களிலும் இடம்பெற்றதுண்டு. நாம் கருதுவது யாதெனில்: ஆலைத் தொழிலாளி மாலையில் வீடு செல்கிறான், படைவீரனுக்கு உண்ணும் இடம், உறங்கும் இடம், செல்லும் நாடு எதுவும் அவன் விருப்பமன்று. அவனுடைய இருபத்துநான்கு மணியையும் வாங்கிக்கொண்ட அரசு, அவற்றுட் சிலவற்றை மட்டும் தனதென்று கூறுதல் முறையாகாது.

ஆயினும் போர்ப்புண்ணுக்கு ஏற்றங்கொடுக்கும் உணர்ச்சி வீண் என்று நாம் கூறோம். அமெரிக்கச் சட்டமே நெடுங்காலம் அமைதிக்காலச் சேவையில் ஊனமுற்றோர்க்குப் போர்க்கால வீதத்தில் நூற்றுக்கு 80 மட்டுமே தந்தது. 1972ஆம் ஆண்டின் சட்டமே இருவரையும் சமமாக்கிற்று. நம் இந்திய நாட்டிலோ போர்க்காயத்துக்குரிய ஓய்வூதியம் இன்றும் தனி. அது மற்ற ஊனத்துக்குத் தருவதினும் மிகுதி. அங்ஙனமிருந்தும், வலிப்புநோயால் நீக்கப்பட்ட ஒரு வீரர் வழக்கில், 2013இல் நம் உச்ச நீதிமன்றம், படையிற் சேரும்போது குறிக்கப்படாத நோய் பணியால் வந்ததென்றே முதற்கண் கொள்ளத்தக்கது என்றும், அதனை மெய்ப்பிக்கும் சுமை வீரர்மேல் இல்லை என்றும் தீர்ப்பளித்தது.

கூச்சத்தால் வரும் இழப்போ பெரிது. அமெரிக்காவிற் பணி விட்ட ஓராண்டுக்குள் விண்ணப்பித்தால், பணி நீங்கிய மறுநாள் முதலே பணம் கணக்கிடப்படும். பிந்தினால், பெரும்பாலும் விண்ணப்பித்த நாள் முதலே. இருபதாண்டு நாணியவன் இருபதாண்டுத் தொகையை இழந்தவனாவான். ஏடுகளும் காத்திருப்பதில்லை. 1973 ஜூலை 12ஆம் நாள் செயின்ட் லூயி நகரப் பணியாளர் ஆவணக் காப்பகத்தில் எழுந்த தீயில், ஒரு கோடியே அறுபது முதல் எண்பது இலட்சம் கோப்புகள் எரிந்தன. அவற்றுக்குப் படியேதும் எடுத்து வைக்கப்பட்டிருக்கவில்லை. 1960க்கு முன் தரைப்படையினின்று விலகியோரின் ஏடுகளே அவற்றுட் பெரும்பகுதி.

அந்நோயாலேயே அவன் இறந்துபட்டால், மனைவிக்கு மாதத்தொகை உண்டு. ஆனால் அந்நோய் பணியால் வந்தது என்பதை அவள் தனியே நாட்ட வேண்டும். கணவன் தன் காலத்தில் அதனை நாட்டி வைத்திருந்தால் அவட்கு அத்துயரம் பெரிதுங் குறையும். ஏடு எரிந்த இடத்து, அன்று உடனிருந்த தோழர் எழுதித் தரும் சாட்சிமொழியையும் இலாகாவினர் ஏற்கின்றனர். எந்தத் தோழர் நகைப்பர் என்று அஞ்சி அவன் வாளாவிருந்தானோ, அவர்தம் முகவரியையே அவள் இப்பொழுது தேடுகிறாள்.