முதுகுவலியும் கோரிமேட்டின் இரு மருத்துவமனைகளும்

புதுச்சேரியிலிருந்து திண்டிவனம் செல்லும் சாலையில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டியுள்ள கோரிமேட்டில் இரண்டு அரசு மருத்துவமனைகள் இருக்கின்றன. ஒன்று, பிரெஞ்சு ஆட்சியில் 1823இல் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்து, 1956இல் இந்திய அரசின் பொறுப்பில் தன்வந்திரி மருத்துவக் கல்லூரியாகி, 1964இல் ஜவகர்லால் நேருவின் பெயரைப் பெற்று, 2008இல் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக உயர்த்தப்பட்ட ஜிப்மர். மற்றொன்று, காசநோயாளிகளின் புகலிடமாக அப்பகுதி மக்கள் அறிந்த அரசு மார்பு நோய் மருத்துவமனை. முதுகுவலியோடு வருபவர் ஜிப்மரின் புறநோயாளிப் பிரிவில் எலும்பு மருத்துவரைத் தேடிச் செல்வாரே ஒழிய, மார்பு நோய் மருத்துவமனைக்கும் தம் முதுகுக்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்று எண்ணமாட்டார். ஆயினும், இந்தியாவில் முதுகுவலிக்குக் காரணம் தேடும் எந்த மருத்துவரும் அந்தத் தொடர்பை மறந்துவிட முடியாது.

முதலில் ஆறுதலான செய்தியைச் சொல்லிவிடுவது முறை. இடுப்பிலும் கீழ்முதுகிலும் வலி என்று வருவோரில் பத்தில் ஒன்பது பேருக்கு, தசை, தசைநார், மூட்டு ஆகியவற்றில் ஏற்படும் பிடிப்பையும் களைப்பையும் தவிர வேறு தனிக் காரணம் எதையும் காட்ட இயலாது. இந்த வகை வலி பெரும்பாலும் ஆறு வாரங்களுக்குள் தானாகவே தணிந்துவிடுகிறது. படுத்தே கிடப்பது இதற்கு மருந்தன்று; ஒன்றிரண்டு நாட்களுக்கு மேல் படுக்கையில் இருந்தால் தசைகள் வலுவிழந்து வலி நீடிக்கிறது என்பதால், இயன்ற அளவு நடந்து, அன்றாட வேலைகளுக்குத் திரும்பி, வலி குறைந்தபின் வயிற்றுத் தசைகளுக்கும் முதுகுத் தசைகளுக்கும் வலுவூட்டும் பயிற்சிகளைச் செய்வதே இன்று உலகெங்கும் பரிந்துரைக்கப்படும் முதல் சிகிச்சை. வலி மாத்திரைகள் சில நாட்களுக்கு உதவும். ஆனால் மருந்துக் கடையில் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் விழுங்கினால் இரைப்பைப் புண்ணும் சிறுநீரகப் பாதிப்பும் வரக்கூடும். இடுப்பு பெல்ட்டை ஆண்டுக்கணக்கில் கழற்றாமல் அணிவதாலும் நன்மை இல்லை.

இவ்வளவு எளிய வலிக்கு எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எதற்கு என்ற கேள்வி இங்கே எழுகிறது. காந்தப்புலத்தைக் கொண்டு உடலின் உட்பகுதியைப் படமெடுக்கும் அக்கருவி மிகவும் கூர்மையானது. அந்தக் கூர்மையே பலருக்குத் தேவையற்ற அச்சத்தைத் தருகிறது. முதுகுவலியே இல்லாதவர்களை ஸ்கேன் செய்து பார்த்த ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் வெளியான ஒரு கட்டுரையின்படி, இருபது வயதினரிலேயே ஏறத்தாழ 30 விழுக்காட்டினருக்கும், எண்பது வயதினரில் 84 விழுக்காட்டினருக்கும் ஜவ்வு பிதுங்கியிருந்தது. ஜவ்வு என்று மக்கள் சொல்வது, முள்ளெலும்புகளுக்கு நடுவே அதிர்வைத் தாங்கும் மெத்தென்ற தட்டு. ஆங்கிலத்தில் அதற்கு டிஸ்க் என்று பெயர். அது தேய்வதும் சற்றுப் பிதுங்குவதும் தலைமுடி நரைப்பதைப் போல வயதோடு வருபவை. எனவே ஸ்கேன் அறிக்கையில் உள்ள சொற்களைக் கண்டு முடிவெடுக்காமல், நோயாளியின் கால்வலி, மரத்துப்போதல், தசை வலு ஆகியவற்றோடு அந்தப் படம் பொருந்துகிறதா என்று பார்ப்பதே மருத்துவரின் வேலை.

பொருந்தும் சிலர் உண்டு. பிதுங்கிய ஜவ்வு நரம்பு வேரை அழுத்தினால், வலி இடுப்பிலிருந்து பிட்டம் வழியாகத் தொடையின் பின்புறம் இறங்கி, முழங்காலுக்குக் கீழே பாதம் வரை மின்னல்போல் பாயும். இதையே சயாட்டிகா என்கிறார்கள். மல்லாந்து படுத்தவரின் காலை மடக்காமல் மருத்துவர் உயர்த்தும்போது அந்த வலி கிளம்புவது முக்கிய அடையாளம். இந்த வலியுங்கூடப் பெரும்பாலும் சில வாரங்களில் தணிகிறது. நெதர்லாந்தில் நடந்து 2007இல் வெளியான ஆய்வில், விரைந்து அறுவை செய்துகொண்டவர்களுக்குச் சீக்கிரம் வலி நீங்கினாலும், ஓராண்டின் முடிவில், காத்திருந்தவர்களும் அவர்களும் ஒரே நிலையில் இருந்தனர். காலின் வலு நாளுக்கு நாள் குறைவதும், தாங்கமுடியாத கால்வலி பல வாரங்களாகியும் விடாததுமே அறுவைக்கு உரிய காரணங்கள். சிறுநீர் வெளியேறாமல் அடைத்துக்கொள்வது, மலம் கட்டுப்பாடின்றிப் போவது, உட்காரும் பகுதி மரத்துப்போவது ஆகியவை தோன்றினால், தண்டுவடத்தின் அடியில் உள்ள நரம்புக் கொத்து நசுங்குகிறது என்று பொருள். அன்றே மருத்துவமனைக்குச் செல்லவேண்டிய அவசரம் அது.

மீதியுள்ள சிலரில்தான் மார்பு நோய் மருத்துவமனையின் நினைவு வரவேண்டும். காசநோய்க் கிருமி நுரையீரலோடு நின்றுவிடுவதில்லை. இரத்தத்தின் வழியே பயணித்து எலும்புகளிலும் குடியேறுகிறது. அவ்வாறு குடியேறும் இடங்களில் முதலிடம் முதுகெலும்புக்கே. லண்டன் அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட் 1779இல் இந்நோயை விளக்கி எழுதியதால் அவர் பெயராலும் அது அழைக்கப்படுகிறது. கிருமி, முள்ளெலும்பின் முன்பகுதியில், ஜவ்வை ஒட்டிய ஓரத்தில் தங்கி எலும்பை அரிக்கிறது. அடுத்தடுத்த இரண்டு எலும்புகள் முன்பக்கம் நொறுங்கிச் சரிய, முதுகு கூனத் தொடங்குகிறது. சீழ் சேர்ந்து, சூடும் சிவப்பும் இல்லாத கட்டியாகத் திரண்டு, தசையின் உறையைப் பின்பற்றி இறங்கி, இடுப்புக்கு முன்னும் தொடையின் மேற்பகுதியிலும் வீக்கமாக வெளிப்படுவதுண்டு. தண்டுவடம் அழுந்தினால் இரு கால்களும் செயலிழக்கின்றன.

இந்நோயின் கொடுமை அதன் நிதானத்தில் இருக்கிறது. வலி மெல்ல மெல்ல, வாரங்களாகவும் மாதங்களாகவும் கூடுவதால், வாயுப் பிடிப்பென்றும் சுளுக்கென்றும் தைலம் தேய்த்தே காலம் கழிகிறது. பலருக்குக் காய்ச்சலும் இருமலும் இருப்பதில்லை என்பது மேலும் ஏமாற்றுகிறது. எக்ஸ்ரேயும் தொடக்கத்தில் கைகொடுப்பதில்லை. எலும்பின் தாது கணிசமாகக் கரைந்த பிறகே அதில் மாற்றம் தெரியும். இங்கேதான் எம்.ஆர்.ஐ.யின் கூர்மை உண்மையாகப் பயன்படுகிறது. இரவிலும் ஓய்விலும் விடாத வலி, காரணமின்றி எடை குறைதல், மாலைக் காய்ச்சல், பசியின்மை, நடுமுதுகில் தொட்டால் நோகும் ஒரு புடைப்பு, வீட்டில் ஒருவருக்குக் காசநோய், சர்க்கரை நோய், எச்.ஐ.வி. தொற்று ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால், ஆறு வாரங்கள் பொறுத்திருக்கலாம் என்ற பொது விதி பொருந்தாது. இவற்றுள் சில புற்றுநோய் பரவிய முதுகெலும்பிலும் காணப்படும் என்பதால், படத்தை மட்டும் நம்பாமல், ஊசி வழியே சிறிது திசுவை எடுத்துச் சோதிப்பது முறை. அத்திசுவில் சிபிநாட் எனப்படும் மரபணுப் பரிசோதனையைச் செய்தால், காசநோய்க் கிருமி உள்ளதா, அது ரிஃபாம்பிசின் என்ற முதன்மை மருந்துக்குக் கட்டுப்படுமா என்பது கருவியில் இட்ட இரண்டு மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

சிகிச்சையின் வரலாற்றில் தமிழகத்துக்குப் பெருமைக்குரிய பங்கு உண்டு. சென்னை சேத்துப்பட்டில் 1956இல் நிறுவப்பட்டு, இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் எனப்படும் மையம், நுரையீரல் காசநோயாளிகளை மருத்துவ விடுதியில் அடைத்து வைக்கத் தேவையில்லை, வீட்டிலிருந்தே மருந்து எடுத்தாலும் அதே அளவு குணமாகிறார்கள் என்று 1959இல் உலகுக்குக் காட்டியது. முதுகெலும்புக் காசநோய்க்கு அந்நாட்களில் மாதக்கணக்கில் மாவுக்கட்டுப் படுக்கை விதிக்கப்பட்டது; ஹாங்காங் மருத்துவர்கள் நோயுற்ற எலும்பை முழுவதும் அகற்றி வேறெலும்பைப் பொருத்தும் பெரிய அறுவையை வளர்த்தெடுத்திருந்தனர். சென்னை மையம் 1970களில், அந்த அறுவையோடு மருந்து பெற்றவர்களையும், நடமாடிக்கொண்டே ஆறு அல்லது ஒன்பது மாதம் மருந்து மட்டும் பெற்றவர்களையும் ஒப்பிடும் ஆய்வைத் தொடங்கி, அவர்களைப் பத்தாண்டுகள் தொடர்ந்து கண்காணித்தது. 1999இல் வெளியான முடிவு, மருந்து மட்டும் பெற்றவர்கள் அறுவை பெற்றவர்களுக்குச் சற்றும் பின்தங்கவில்லை என்பதே. படுக்கையும் கத்தியும் இன்றி ஏழைத் தொழிலாளி நடந்துகொண்டே குணமாகலாம் என்பதை நிறுவிய இந்த ஆய்வு, அதற்குரிய புகழைத் தமிழ் வாசகரிடையே இன்னும் பெறவில்லை. காசியில் பேராசிரியர் துலி 1975இல் வெளியிட்ட நடுவழி முறையும் இதே திசையில் சென்றது: அனைவருக்கும் மருந்து, மருந்தால் தேறாதவர்களுக்கு மட்டும் அறுவை.

இன்றைய நெறிமுறையில், ஐசோநியசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைட், எத்தாம்பியூட்டால் ஆகிய நான்கும் முதல் இரண்டு மாதங்களும், பைரசினமைடை நீக்கி மற்ற மூன்றும் அடுத்த பத்து மாதங்களும் தரப்படுகின்றன. தேவைப்பட்டால் பதினெட்டு மாதம் வரை நீட்டிக்கப்படுகிறது. தேசிய காசநோய் ஒழிப்புத் திட்டத்தில் இவை இலவசம். சத்துணவுக்கென 2018 முதல் மாதம் 500 ரூபாயாகத் தரப்பட்ட உதவித்தொகை 2024 நவம்பரில் 1000 ரூபாயாக உயர்ந்தது. சிறுநீர் செம்மஞ்சளாவது ரிஃபாம்பிசினால் வருவது, அஞ்ச வேண்டாம். பார்வை மங்கினாலும் கண் மஞ்சளித்தாலும் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். வலி இரண்டு மூன்று மாதங்களில் பெரிதும் குறைந்துவிடுவதால் மாத்திரையை நிறுத்திவிடுவோர் உண்டு. எலும்பினுள் கிருமி எஞ்சியிருக்கும் காலம் அதுவே. கால் செயலிழப்பு மருந்துக்குப் பின்னும் கூடிக்கொண்டே போவது, முதுகெலும்பு நிலையிழப்பது, பெரிய சீழ்க்கட்டி, கடுமையான கூன் ஆகியவற்றுக்கு அறுவை தேவைப்படுகிறது. உரிய காலத்தில் தொடங்கினால் செயலிழந்த கால்களும் பெரும்பாலோருக்கு மீள்கின்றன.

குழந்தைகளின் நிலை வேறு. கோவை கங்கா மருத்துவமனையின் முதுகெலும்பு நிபுணர் ராஜசேகரன், அறுவையின்றி மருந்தால் குணமான குழந்தைகளைப் பதினைந்து ஆண்டுகள் கண்காணித்து 2001இல் எழுதிய கட்டுரையில், கிருமி அழிந்த பிறகும் ஐவரில் ஏறத்தாழ இருவருக்குக் கூன் வளர்ந்துகொண்டே போனதைக் காட்டினார். எக்ஸ்ரேயில் முன்கூட்டியே அதை உணர்த்தும் நான்கு அடையாளங்களையும் வகுத்தார். ஆகவே மருந்து முடிந்த குழந்தையை, நோய் தீர்ந்தது என்று அனுப்பிவிடாமல், உடல் வளர்ச்சி நிற்கும் வரை குறிப்பிட்ட இடைவெளிகளில் வரவழைத்து, எக்ஸ்ரேயில் கூனின் கோணத்தை அளந்துவர வேண்டும். அது கூடுவதாகத் தெரிந்தால், முதுகு முற்றிலும் மடிந்துபோவதற்கு முன்பே அறுவை செய்து நிறுத்திவிடலாம்.