பல காமிராக்களின் காட்சியை ஒரே திரையில் காணும் முறை

மாட்டுக்கொட்டகை, நெற்களம், தானியக் கிடங்கு, பம்புக் கொட்டகை ஆகியவை ஒன்றுக்கொன்று தொலைவில் இருத்தலால், ஒரு காவலாள் அனைத்தையும் ஏககாலத்தில் கவனித்தல் இயலாது. இதன்பொருட்டுப் பட்டாதாரர்கள் பலர் காமிராக்களை அமைத்து வருகின்றனர். காமிராக்கள் பலவாகும்பொழுது, படம் நின்று நின்று வருகிறதென்றும், களவு நேர்ந்த தினத்தின் பதிவு அகப்படவில்லை என்றும் குறை எழுகிறது. இதற்குக் காரணம் பெரும்பாலும் காமிராவன்று. அவற்றை ஒன்றுசேர்த்துக் காட்டும் மென்பொருளை அமைத்த முறையேயாம்.

காட்சி வரும் விதம்

காமிரா ஒவ்வொன்றும் தான் கண்டதைச் சுருக்கி அனுப்புகிறது. மென்பொருள் அதனை விரித்து, திரையைக் கட்டங்களாகப் பிரித்து, கட்டத்திற்கு ஒன்றாகக் காட்டுகிறது. விரித்தலே கணினிக்குப் பளுவான வேலை. 1920-க்கு 1080 அளவுள்ள ஒரு படத்தில் 20,73,600 புள்ளிகள் உள. பதினாறு காமிராக்களுக்கு இவை 3,31,77,600 ஆகும். அதே அளவுள்ள திரையைப் பதினாறு கட்டங்களாக்கினால், கட்டமொன்றிற்கு 1,29,600 புள்ளிகளே இடம் பெறும். ஆகவே பதினாறில் பதினைந்து பங்கு உழைப்பு வீணாகிறது.

இதனைத் தவிர்க்கவே காமிராக்களில் பெரும்பாலானவை இருவகைப் படங்களை அனுப்புகின்றன. பெரிய படத்தை மெயின் ஸ்ட்ரீம் என்றும், சிறியதைச் சப் ஸ்ட்ரீம் என்றும் கூறுவர். கட்டங்களில் காணச் சிறியதையும், பதிவு செய்யப் பெரியதையும் அமைத்தல் வேண்டும். ஐயமுள்ள கட்டத்தை மட்டும் பெரிதாக்கிப் பார்த்தல் போதுமானது.

பதிவு நிற்கும் காலம்

வினாடிக்கு 4 மெகாபிட் அனுப்பும் காமிரா ஒரு நாளில் 43.2 ஜிகாபைட் இடத்தை நிரப்பும். எட்டுக் காமிராக்களுக்கு நாளொன்றுக்கு 345.6 ஜிகாபைட் ஆகும். 4 டெராபைட் தட்டு ஏறக்குறைய பதினொரு நாளில் நிரம்பி, பழைய பதிவுகள் அழியத் தொடங்கும். பதினைந்து நாள் வெளியூர் சென்று திரும்புவோருக்கு முதல் நாட்களின் பதிவு கிட்டாது. ஆகையால் பெரிய தட்டை வாங்குதல் வேண்டும். அல்லது அசைவு உண்டானபோது மட்டும் பதியுமாறு அமைத்தல் வேண்டும். காற்றில் ஆடும் வாழையிலையும் அசைவெனக் கொள்ளப்படுமாதலால், அப்பகுதியை மென்பொருளில் விலக்கி வைக்கவும்.

தேர்ந்தெடுத்தல்

ஆக்ஸிஸ், பாஷ், சோனி ஆகிய கம்பெனியார் 2008-ஆம் ஆண்டில் தொடங்கிய ஆன்விஃப் என்னும் பொது நியதிக்கு உட்பட்ட காமிராக்களை வாங்குவது நலம். அவை எந்தக் கம்பெனியின் சரக்காயினும் ஒரே மென்பொருளில் பெரும்பாலும் இணங்கி நிற்கும். ஜோன்மைண்டர், ஃப்ரிகேட் முதலியவற்றை விலையின்றிப் பெறலாம். பின்னது மனிதன், வாகனம், மாடு என்று இனம் பிரித்தறியவும் வல்லது.

எச்சரிக்கை

2016-ஆம் ஆண்டில் மிராய் என்னும் தீய மென்பொருள், தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொல்லை மாற்றாது விட்ட காமிராக்களையும் பதிவுக் கருவிகளையும் இலட்சக்கணக்கில் வசப்படுத்தியது. நமது களத்தைக் காக்க வைத்த கருவியே பிறர்க்குக் கண்ணாகிவிடக் கூடாது. ஆதலின் கருவி வந்த அன்றே கடவுச்சொல்லை மாற்றுக. கிராம உத்தியோகஸ்தர்கள் பொதுவிடங்களில் காமிரா அமைக்கும்பொழுது, பிறர் வீட்டு வாயிலும் குளிக்கும் துறையும் அதில் படாதவாறு பார்த்தல் கடமையாகும்.

நாற்பது கட்டங்கள் திரையில் தோன்றினும், பார்ப்பவர் இல்லையேல் பயனில்லை. முக்கியமான நான்கு இடங்களைத் தெளிவாகக் காண்பதும், பதிவு எத்தனை நாள் நிற்கிறதென்று மாதம் ஒருமுறை சோதித்தறிவதும் சாலச் சிறந்தவை.