பழைய வேன், புதிய தொழில்: கையெழுத்துக்கு முன் ஒரு கணக்கு

திகாம் பத்து, சுங்கைப்பட்டாணி, பீடோங், பாடாங் செராய் என்று நம் வட்டாரத்தில் எந்தப் பக்கம் போனாலும் பழைய கார் விற்கும் கடைகளைக் காணலாம். வண்டியின் முன் கண்ணாடியில் மாதத் தவணை இவ்வளவு என்று பெரிய எழுத்தில் எழுதியிருக்கும். சிலவற்றில் "முன்பணம் தேவையில்லை" என்றும் இருக்கும். பார்ப்பவர் மனத்தில் ஆசை எழுவது இயல்பே.

இந்த ஆசையைக் குறை சொல்வதற்கில்லை. தோட்ட வேலையை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த முடியாத காலம் இது. முறுக்கு, அதிரசம் சுட்டுக் கடைகளுக்குப் போடுகிறவர்கள், பசார் மாலாமில் கடை விரிப்பவர்கள், பூமாலை கட்டிக் கோயில்களுக்குக் கொடுப்பவர்கள், கல்யாணச் சமையல் எடுப்பவர்கள், புல்வெட்டும் குத்தகை எடுப்பவர்கள் என்று நம்மவர்களில் பலர் சொந்தத் தொழிலில் இறங்கியிருக்கிறார்கள். இவர்கள் அத்தனை பேருக்கும் ஒரு வண்டி வேண்டும். புது வண்டி வாங்க வசதியில்லை. ஆகவே பழைய வேனோ காரோதான் கதி.

அந்த வண்டிக்கான பணம் எங்கிருந்து வருகிறது என்பதை நினைத்துப் பாருங்கள். தோட்டத்தை விட்டு வந்தபோது கிடைத்த இழப்பீடு, அம்மாவின் நகை, ஊழியர் சேமநிதி, இவைதான் நம் வீடுகளில் இருக்கும் முதல். 2024 மே 11 முதல் சேமநிதியில் நெகிழ்வுக் கணக்கு என்று ஒன்று ஏற்படுத்தப்பட்டு, அதிலுள்ள பணத்தை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று ஆனதால், முதுமைக்கு வைத்த காசும் எளிதில் கைக்கு வந்துவிடுகிறது. வண்டி போனால் வண்டியோடு இவையெல்லாம் போகும். ஆகவே வண்டியைப் பார்க்குமுன் கணக்கைப் பார்ப்பது நல்லது.

வண்டி யாருடையது?

தவணையில் வண்டி எடுப்பதை நாம் "கார் வாங்கினேன்" என்று சொல்கிறோம். சட்டம் அப்படிச் சொல்வதில்லை. வாடகைக் கொள்முதல் என்ற பெயரிலேயே விஷயம் இருக்கிறது. கடைசித் தவணை கட்டும் வரை வண்டி வங்கிக்கோ நிதி நிறுவனத்துக்கோ சொந்தம். நாம் வாடகைக்கு வைத்திருப்பவர்கள். கடைசித் தவணை கட்டிய பிறகே அது நமது கொள்முதல். அதனால்தான் சாலைப் போக்குவரத்து இலாகாவின் பதிவில் நம் பெயருடன் வங்கியின் உரிமைக் கோரிக்கையும் சேர்ந்து நிற்கிறது.

இந்த ஏற்பாட்டை ஒழுங்குபடுத்துவது 1967-ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டம். 1968 ஏப்ரல் 11-இல் அது நடைமுறைக்கு வந்தது. கார், மோட்டார் சைக்கிள், டாக்சி, பஸ் ஆகியவை இச்சட்டத்துக்குள் அடங்கும். சரக்கு வண்டியானால், பாரத்தோடு சேர்த்து அனுமதிக்கப்பட்ட எடை 2,540 கிலோகிராமுக்கு மேற்படாதவை மட்டுமே அடங்கும். சிறிய லோரி எடுக்க நினைப்பவர்கள் இந்த எடையை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். எடை கூடிவிட்டால் கீழே சொல்லப்போகும் பாதுகாப்புகள் கிடைக்காமல் போகலாம்.

நாள் ஒன்றுக்கு எவ்வளவு?

உதாரணத்துக்கு 20,000 வெள்ளி விலையுள்ள ஒரு பழைய வேனை எடுத்துக்கொள்வோம். சட்டப்படி ரொக்க விலையில் பத்தில் ஒரு பங்காவது முன்பணமாகக் கட்ட வேண்டும். அது 2,000 வெள்ளி. மீதி 18,000 வெள்ளி கடன். ஆண்டுக்கு 5 விழுக்காடு நிலை வட்டி, 5 ஆண்டுத் தவணை என்றால், ஆண்டு வட்டி 900 வெள்ளி. ஐந்தாண்டுக்கு 4,500 வெள்ளி. ஆக மொத்தம் 22,500 வெள்ளி. இதை 60 மாதங்களால் வகுத்தால் மாதம் 375 வெள்ளி வருகிறது.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. நான்காம் ஆண்டில் கடனில் பெரும்பகுதியைக் கட்டி முடித்திருப்போம். ஆனாலும் நிலை வட்டி முறையில் வட்டி அதே 18,000 வெள்ளிக்குத்தான் கணக்கிடப்படுகிறது. குறைந்து வரும் பாக்கியை வைத்துக் கணக்கிட்டால் இந்த 5 விழுக்காடு உண்மையில் 9 விழுக்காட்டுக்கும் சற்று மேலாகிறது. ஆகவே "வட்டி எத்தனை?" என்று மட்டும் கேட்காதீர்கள். "நிலை வட்டியா, குறையும் பாக்கிக்கு வட்டியா? மொத்தம் எவ்வளவு கட்டி முடிப்பேன்?" என்று கேளுங்கள்.

தவணையோடு செலவு முடிந்துவிடுகிறதா? யானையை வாங்கியவன் அங்குசத்துக்கு அழுத கதை நமக்குத் தெரியும். பெட்ரோல் மாதம் 300 வெள்ளி, காப்புறுதிக்கும் சாலை வரிக்கும் மாதம் ஒதுக்க 100 வெள்ளி, டயர், பிரேக், எண்ணெய், பழுது என்று 150 வெள்ளி என வைத்துக்கொள்வோம். தவணையோடு சேர்த்து மாதம் 925 வெள்ளி. மாதத்தில் 26 நாள் தொழில் நடந்தால் நாளுக்குச் சுமார் 36 வெள்ளி.

ஒரு பாக்கெட் முறுக்கில் ஒரு வெள்ளி லாபம் என்றால், தினமும் முதல் 36 பாக்கெட் வண்டிக்கு. முப்பத்தேழாவது பாக்கெட்டிலிருந்துதான் வீட்டுக்கு. இப்போது ஒரு நாளில் எத்தனை பாக்கெட் விற்கிறது? இந்தக் கேள்விக்கு வீட்டில் உள்ள அனைவரும் உட்கார்ந்து பதில் சொன்ன பிறகே கார்க்கடைக்குப் போக வேண்டும். ஆறாம் ஆண்டு படிக்கும் பிள்ளை போடக்கூடிய கணக்குதான் இது. வீட்டுப் பிள்ளையையே போடச் சொல்லுங்கள். அதற்கும் பயிற்சியாக இருக்கும்.

மழை நாளில் பசார் மாலாம் இல்லை. பள்ளி விடுமுறையில் பள்ளி வேனுக்கு ஓட்டம் இல்லை. தவணைக்கு மட்டும் விடுமுறையே கிடையாது. ஆகவே இரண்டு மாதத் தவணையைக் கையிருப்பாக வைத்துக்கொண்டு தொடங்குவது உத்தமம்.

தொழில் எப்படிப் போகும் என்று நிச்சயமில்லாதவர்கள், முதலில் ஒரு வண்டியை நாள் வாடகைக்கோ மாத வாடகைக்கோ எடுத்து ஓட்டிப் பார்க்கலாம். கொடுத்த வாடகை திரும்பி வராது, வண்டியும் நமதாகாது. என்றாலும் மூன்று மாத வாடகையோடு போகும் நஷ்டம், ஐந்தாண்டுக் கடனை விடச் சிறியது.

"முன்பணம் இல்லை" என்றால்

பத்து விழுக்காடு முன்பணம் சட்டத்தில் இருக்கும்போது முன்பணமே இல்லாமல் எப்படி வண்டி தருகிறார்கள்? சில இடங்களில் வண்டியின் விலையைத் தாளில் உயர்த்திக் காட்டி, முன்பணம் கட்டியதாக எழுதிக்கொள்வார்கள். அந்தப் பணமும் கடனோடு சேர்ந்துவிடும். நாம் கட்டாத முன்பணத்துக்கு ஐந்தாண்டு வட்டி கட்டுவோம். அதே வகை, அதே ஆண்டு வண்டி வேறு கடைகளில் என்ன விலை என்று இரண்டு மூன்று இடங்களில் விசாரித்தால் இந்தக் குட்டு வெளிப்பட்டுவிடும்.

பத்திரத்தில் பார்க்க வேண்டியவை

பத்திரம் மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்கும். படித்துச் சொல்லும்படி ஆசிரியர்களிடம் கொண்டு வருவது தோட்டத்து வழக்கம். ஆனால் பெரும்பாலும் கையெழுத்துப் போட்ட பிறகே கொண்டு வருகிறார்கள்! முன்கூட்டியே கொண்டு வாருங்கள். விலை, முன்பணம், வட்டி, மொத்தத் தொகை ஆகியவற்றை எழுதிய அறிக்கையை ஒப்பந்தத்துக்கு முன்பே உங்களுக்குத் தர வேண்டும் என்பது சட்டம். பூர்த்தி செய்யாத வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கக் கூடாது என்பதும் சட்டமே. ஒப்பந்த நகலைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

பழைய வண்டிக்கென்று ஒரு தனி வரி உண்டு. பொருள் தரமானதாக இருக்க வேண்டும் என்ற பொறுப்பைச் சட்டம் கொடுப்பவர் மீது வைக்கிறது. ஆனால், "இது பழைய வண்டி, தரத்துக்கு எந்த உத்தரவாதமும் இல்லை" என்று ஒப்பந்தத்தில் எழுதி, அது தமக்குக் காட்டப்பட்டது என்று எடுப்பவரும் எழுத்தில் ஒப்புக்கொண்டால் அந்தப் பாதுகாப்பு நீங்கிவிடும். அந்த வரியில் கையெழுத்திடுமுன் நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரை அழைத்துச் சென்று வண்டியைக் காட்டிவிடுங்கள். பெயர் மாற்றத்துக்கும் வாடகைக் கொள்முதலுக்கும் புஸ்பாகோம் போன்ற அங்கீகாரம் பெற்ற நிலையத்தில் பரிசோதனை நடக்கும். அதில் தேறியது என்பதால் இயந்திரம் ஐந்தாண்டு ஓடும் என்று பொருளாகாது.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டியா என்றும் பார்க்க வேண்டும். 2021 டிசம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கிலும், 2022 ஜூலையில் நம் கெடாவின் பாலிங்கிலும் வந்த வெள்ளத்தை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். இருக்கை வாரை முழுதும் வெளியே இழுத்துப் பாருங்கள். கால்மிதிக்கு அடியில் தடவிப் பாருங்கள். சேறும் துருவும் உண்மையைச் சொல்லிவிடும்.

"சம்போங் பாயார்" என்ற பொறி

தவணை கட்ட முடியாத ஒருவர், "எனக்குக் கொஞ்சம் பணம் கொடுத்து வண்டியை எடுத்துக்கொள், மீதித் தவணையை நீ கட்டு" என்பார். இதைத்தான் சம்போங் பாயார் என்கிறார்கள். வங்கியின் சம்மதமில்லாமல் செய்தால், வண்டியைக் கொடுப்பவருக்கு அதைக் கொடுக்க உரிமையே இல்லை. நாம் நான்கு ஆண்டு ஒழுங்காகக் கட்டினாலும் வண்டி நம் பெயருக்கு வராது. விபத்து நடந்தால் காப்புறுதியிலும் சிக்கல். உறவினர், நண்பர் என்று கூச்சப்படாமல், "வங்கிக்குப் போய் ஒப்பந்தத்தை என் பெயருக்கு மாற்றுவோம்" என்று சொல்லுங்கள். அதற்குச் சட்டத்தில் வழி இருக்கிறது.

தவணை தவறினால்

நோய், வேலை இழப்பு, வீட்டில் ஒரு சாவு என்று எதுவும் வரலாம். ஒரு மாதம் தவறியவுடன் யாரும் வந்து வண்டியை இழுத்துப் போக முடியாது. தொடர்ந்து இரண்டு தவணை தவறியிருக்க வேண்டும். பிறகு எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுத்து, குறைந்தது 21 நாள் காத்திருக்க வேண்டும். எடுத்தவர் இறந்துவிட்டால் தொடர்ந்து நான்கு தவணை தவறிய பிறகே நடவடிக்கை எடுக்கலாம். ரொக்க விலையில் 75 விழுக்காட்டுக்கு மேல் கட்டியிருந்தால், 2010-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி நீதிமன்ற உத்தரவு வேண்டும். நமது உதாரண வேனுக்கு அது 15,000 வெள்ளி, அதாவது 40 மாதத் தவணை. வண்டியை இழுக்க வருபவரிடம் அனுமதிச் சீட்டு இருக்க வேண்டும். அதைக் கேட்டுப் பார்க்கலாம். சந்தேகம் இருந்தால் உள்நாட்டு வாணிப அமைச்சின் கிளை அலுவலகத்தில் முறையிடலாம்.

வண்டி போனதோடு கடன் போகாது என்பதையும் அறிய வேண்டும். ஏலத்தில் வந்த தொகை போதாவிட்டால் மீதியை நாம் கட்ட வேண்டும். நாம் கட்டாவிட்டால் ஜாமீன் கையெழுத்துப் போட்டவர் கட்ட வேண்டும். ஒரே லயத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் முகம் பார்க்காமல் போவது இப்படித்தான். ஆகவே கட்ட முடியாது என்று தெரிந்த அன்றே வங்கிக்குப் போய்ச் சொல்லுங்கள். கடிதம் வந்தால் பிரிக்காமல் அலமாரியில் வைக்காதீர்கள். தவணை கட்ட ஆலோங்கிடம் கை நீட்டுவது மட்டும் வேண்டவே வேண்டாம்.

தொழிலுக்கு ஏற்ற அனுமதி

சொந்தக் காரில் பள்ளிப் பிள்ளைகளைக் கூலிக்கு ஏற்றுவதற்கு உரிமமும், ஓட்டுபவருக்குப் பயணிகள் வாகன ஓட்டுநர் உரிமமும் தேவை. தனியார் உபயோகத்துக்கு எடுத்த காப்புறுதி, கூலிக்கு ஆள் ஏற்றும்போது உதவாது. என்ன தொழிலுக்கு வண்டி என்பதைக் காப்புறுதி எடுக்கும்போதே உள்ளபடி சொல்லிவிட வேண்டும். தொழில் முதலுக்கு, டெக்குன் வழியாக இந்தியச் சிறு வணிகர்களுக்கென்று ஸ்பூமி என்னும் கடன் திட்டம் இருப்பதையும் விசாரித்துப் பாருங்கள்.

சென்னையில் ஒரு முன்மாதிரி

பழைய வண்டி எடுப்பது குறைவானது என்று எண்ண வேண்டாம். சென்னையில் 1974-இல் சீட்டு நிறுவனமாகத் தொடங்கிய ஸ்ரீராம் குழுமத்தின் நிறுவனர்களில் ஒருவர் ஆர். தியாகராஜன். கணிதம் படித்தவர், காப்புறுதித் துறையில் வேலை பார்த்தவர். 1979-இல் லோரிகளுக்குக் கடன் கொடுக்க ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். வங்கிகள் வாசலில் ஏற்றாத லோரி ஓட்டுநர்கள் பழைய லோரி வாங்க அது கடன் கொடுத்தது. சம்பளச் சீட்டு இல்லாவிட்டாலும், அந்த ஓட்டுநருக்கு எந்தச் சாலையில் என்ன சரக்கு, என்ன கூலி என்பது தெரியும். அந்த அறிவை நம்பிக் கொடுத்த கடன் திரும்பி வந்தது. நிறுவனம் வளர்ந்து, 2022-இல் குழுமத்தின் மற்ற நிறுவனங்களோடு இணைந்து ஸ்ரீராம் ஃபைனான்ஸ் ஆனது. தியாகராஜனுக்கு 2013-இல் பத்மபூஷண் விருது கிடைத்தது.

அந்த ஓட்டுநர்களைக் காப்பாற்றியது வண்டியின் பளபளப்பல்ல. நாளைக்கு வண்டி எவ்வளவு சம்பாதிக்கும் என்பது அவர்களுக்கு முன்பே தெரிந்திருந்தது. நம் வீட்டுத் தொழிலைப் பற்றி நமக்குத் தெரிந்த அளவு எந்த வங்கி அதிகாரிக்கும் தெரியாது. அந்த அறிவை ஒரு தாளில் எழுதி, நாள் ஒன்றுக்கு 36 வெள்ளி வருமா என்று பார்த்துவிட்டால் போதும். வரும் என்றால் துணிந்து எடுங்கள். வராது என்றால் இன்னும் ஆறு மாதம் மோட்டார் சைக்கிளிலேயே பாக்கெட்டுகளைக் கொண்டுபோய்ப் போட்டு, வாடிக்கையைப் பெருக்கிக்கொண்டு வாருங்கள். கடைகளில் பழைய வேன்களுக்கு என்றும் பஞ்சமில்லை.