திரும்பி வந்த பாரசீக இளவரசன்

'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா' வீடியோ கேம் பிறந்தது 1989-இல். அதை உருவாக்கிய ஜோர்டன் மெக்னர், தன் தம்பியை ஓடவும் தாவவும் வைத்துப் படம்பிடித்து, அந்த அசைவுகளையே கணினித் திரையில் வரைந்தார்.

நீண்ட இடைவெளிக்குப் பின் 2024-இல் வந்த 'தி லாஸ்ட் கிரவுன்' இந்தத் தொடருக்கு மறுவாழ்வு தந்தது. கதை நடப்பது பாரசீகப் புராணத்தின் காஃப் மலையில். வாள்வீச்சைவிட அங்குள்ள புதிர்களே அருமை! நாயகன் சர்கோன் ஓரிடத்தில் தன் நிழலுருவை நிறுத்திவிட்டு முன்னேறலாம்; ஆபத்து வந்தால் நொடியில் அங்கேயே திரும்பிவிடலாம். இன்னோர் அறையில், சற்றுமுன் அவன் செய்ததை அவனுடைய நகல்கள் திரும்பச் செய்யும். அவற்றோடு நேரம் பிசகாமல் இணைந்தால்தான் வழி திறக்கும். பாத்திரங்களைப் பாரசீக மொழியிலேயே பேசவிட்டும் விளையாடலாம்.